கடும் நோயாளியிடம் பேசக் கற்றுக்கொடுத்தல்: ஒரு தோட்ட நகர மருத்துவமனைக்கு எந்த வழி பொருந்தும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரம் ஒன்றின் மாவட்ட மருத்துவமனைக்கு வந்து சேரும் இளம் மருத்துவருக்கு, இனிக் குணமாகாது என்ற நிலையை எட்டிவிட்ட நோயாளியிடமும் அவர் குடும்பத்தாரிடமும் உட்கார்ந்து, மிச்சமிருக்கும் காலத்தில் சிகிச்சை எதை நோக்கிப் போக வேண்டும் என்று பேசக் கற்றுக்கொடுக்க நான்கு வழிகள் உள்ளன. நடிப்பவர்களை நோயாளிகளாக அமர்த்தி நடத்தும் பட்டறை ஒன்று. கேள்விகள் வரிசையாக எழுதப்பட்ட ஒரு தாள் வழிகாட்டி மற்றொன்று. மூத்தவர் பேசும்போது உடனிருந்து பார்த்து, பிறகு அவர் பார்க்கத் தான் பேசிக் கற்பது மூன்றாவது. நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக் குழுவுடன் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று வருவது நான்காவது. இணையவழிப் பாடங்களை ஐந்தாவதாகச் சேர்க்கலாம். ஆனால் கணினிமுன் அமர்ந்து, கடைசியில் சில கேள்விகளுக்கு விடை குறித்துச் சான்றிதழ் எடுப்பதால், அழுதுகொண்டிருக்கும் ஒரு மகளின் முன் வாய் திறக்கும் துணிவு வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆகவே அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

நான்கையும் செய்தால் என்ன என்று கேட்கலாம். சிறிய மருத்துவமனையின் பணிப்பட்டியலைப் பார்த்தவர் அப்படிக் கேட்கமாட்டார். இரவுப் பணி முடித்து ஓய்வில் இருப்பவர், வெளிநோயாளர் பிரிவைப் பார்ப்பவர், ஆம்புலன்சில் நோயாளியுடன் ஈப்போவுக்குப் போனவர் ஆகியோரைக் கழித்துவிட்டால் வார்டில் நிற்பவர் ஒருவர்தான். பயிற்சிக்கு ஒதுக்கக்கூடிய நேரம் குறைவு என்பதால்தான் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வும், பயிற்சி வெளிநாட்டில் எப்படிப் புகழ்பெற்றிருக்கிறது என்பதை வைத்தல்லாமல், இந்த ஊரில் அது யார் கையில் எவ்வளவு காலம் தங்கும் என்பதை வைத்தே அமைய வேண்டும் என்பது என் கருத்து.

யார் கையில் தங்கும் என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் மருத்துவப் பட்டதாரி, நிபுணர்கள் உள்ள மருத்துவமனையில், நான்கு மாதங்களுக்கு ஒரு துறை என்ற கணக்கில் ஹவுஸ்மேன்ஷிப் எனப்படும் இரண்டாண்டுப் பயிற்சிப் பணியை முடித்த பிறகே எம்.ஓ. எனப்படும் மருத்துவ அதிகாரியாக மாவட்டங்களுக்கு வருகிறார். அந்த இரண்டாண்டுகளில் கடினமான பேச்சுகளை நிபுணரே பேசிவிடுவார். ஹவுஸ்மேன் இரத்தம் எடுத்துக்கொண்டும் குறிப்பு எழுதிக்கொண்டும் இருந்திருப்பார். மாவட்ட மருத்துவமனைக்கு வந்ததும், இரவு இரண்டு மணிக்கு அந்தக் கட்டடத்தில் இருப்பவர்களில் பொறுப்பில் உயர்ந்த மருத்துவர் அவராகவே இருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் இறுதியில், இளம் மருத்துவர்களை நிரந்தரமாக அல்லாமல் ஒப்பந்தத்தில் அமர்த்தும் முறை வந்த பிறகு, ஓர் இளம் மருத்துவர் ஒரே ஊரில் வேரூன்றி நிற்பார் என்ற எதிர்பார்ப்பும் குறைந்துவிட்டது. மேற்படிப்பு, இடமாற்றம், தனியார் துறை, சிங்கப்பூர் என்று அவர் போய்விடுவார். போகாமல் இருப்பவர்கள் வார்டு சிஸ்டர்களும், தோட்டத்து முதியவர்கள் இன்னும் ‘டிரெஸர்’ என்றே அழைக்கும் உதவி மருத்துவ அதிகாரிகளும்தான்.

நோயாளிகளின் தரப்பும் இந்தத் தேர்வைப் பாதிக்கிறது. ஹீவூட், டோவன்பி, எல்பில் போன்ற தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறை இன்று எழுபதைத் தாண்டி நிற்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பெரிய இனங்களில் இந்தியரிடையேதான் அது மிக அதிகம். ஆகவே இந்த வார்டுகளில் ‘கடும் நோயாளி’ என்றால் புற்றுநோயாளி மட்டுமல்லர். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்து, ஒரு காலை இழந்து, இப்போது இதயமும் தளர்ந்துவிட்ட ஒரு பாட்டியாகவும் அவர் இருக்கலாம். இத்தகைய நோயில் சரிவு ஒரே நாளில் வருவதில்லை. மூச்சுத்திணறலோடு வந்து, தேறி, வீடு திரும்பி, மறுபடி வந்து என்று மாதங்கள் நீள்கின்றன. பேசுவதற்கான நல்ல வேளை அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. ஆனால் அபாய நிலையிலுள்ளவர்களின் பட்டியலான டி.ஐ.எல்.லில் பெயர் ஏறி, ‘எல்லாரும் வந்து பார்த்துடுங்க’ என்று தொலைபேசியில் சொல்லப்படும்போதுதான் பல குடும்பங்களுக்கு முதல் பேச்சே நடக்கிறது.

குடும்பமோ ஒரே கூரையின் கீழ் இல்லை. இரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்ட வேலையும் பிற நாட்டுத் தொழிலாளர்களின் கைக்கு மாறிய காலத்தில், பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். அருகில் இருப்பவர் வயதான மனைவி. முடிவெடுப்பவர் தொலைபேசியில் இருக்கும் மூத்த மகன். அவர் முதலில் சொல்வது, ‘அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்’ என்பதாக இருக்கும். மருத்துவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருந்தால், முதியவரின் தமிழை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்பவரும் பெரும்பாலும் அதே மகன்தான். மறைக்க விரும்புகிறவரே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கும் இந்த நிலைமையை எந்தப் பயிற்சி கையாளக் கற்றுத்தருகிறது என்பதையே முதல் உரைகல்லாக நான் வைப்பேன்.

பட்டறையைப் பார்ப்போம். கெட்ட செய்தி சொல்வதற்கான ஆறு படிகளை வகுத்த ஸ்பைக்ஸ் என்ற முறை, வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் முதலியோரால் 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இடத்தை ஒழுங்கு செய்வது, நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அனுமதி பெறுவது, சொல்வது, எழும் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்த ஏற்பாட்டைத் தொகுப்பது என்று அது போகும். பின்னாளில் அமெரிக்காவில் ஆன்கோடாக், வைட்டல்டாக் என்ற பெயர்களில் வளர்ந்த பயிற்சிகள், நடிகரை நோயாளியாக வைத்து, நடுவில் நிறுத்தி, திரும்பச் செய்து பார்க்கும் முறையைச் செம்மைப்படுத்தின. சான்றும் உண்டு. லெஸ்லி ஃபாலோஃபீல்டும் வேலரி ஜென்கின்சும் பிரிட்டனின் 34 புற்றுநோய் மையங்களைச் சேர்ந்த 160 மருத்துவர்களைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று நாள் பயிற்சி பெற்றவர்கள் உண்மையான நோயாளிகளிடமும் நன்றாகக் கேட்டார்கள், பரிவோடு பதிலளித்தார்கள்.

ஆனால் அந்த மருத்துவர்கள் முதிர்ந்தவர்கள். இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் எட்டு அமர்வுகள் ஒத்திகைப் பயிற்சியில் ஈடுபடுத்தி, ராண்டல் கர்ட்டிஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு வேறு. தங்களிடம் பேசிய விதத்துக்கு நோயாளிகள் அளித்த மதிப்பில் முன்னேற்றம் ஏதும் தெரியவில்லை; மனச்சோர்வுக்கான அளவீடு சற்றே கூடியது. உண்மையைக் கேட்டால் துயரம் வருவது இயல்பு என்று இதற்கு விளக்கம் சொல்லலாம். கற்ற வாசகங்களை ஒருவர் பக்குவமின்றிப் பயன்படுத்தினால் கேட்பவருக்கு வலிக்கும் என்றும் சொல்லலாம். எதுவானாலும், பயிற்சி முடிந்த மாலையில் மருத்துவர் உணரும் தன்னம்பிக்கையை வைத்துப் பட்டறையை மதிப்பிடுவது தவறு என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. நம் ஊருக்கு இன்னொரு குறையும் உண்டு. தலைநகரில் ஆங்கிலத்தில் நடக்கும் பட்டறையில் நடிக்கும் நோயாளி தனியாக வருவார், தனக்காகத் தானே பேசுவார். தொலைபேசியில் கத்தும் மகனையும், ஒன்றும் பேசாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருக்கும் மனைவியையும் அங்கே யாரும் நடித்துக்காட்டுவதில்லை. உள்ளூரிலேயே நடத்தினால் இதைச் சரிசெய்யலாம். தோட்டத் திருவிழா மேடையில் அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டத்தை விடிய விடிய நடித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், சம்பளம் வாங்கும் நடிகர் எவரையும்விட அவர்கள் இந்த வேடத்தை நன்றாகச் செய்வார்கள். ஆனால் அதை வழிநடத்தத் தேர்ந்த பயிற்றுநர் வேண்டும். அவர் இங்கே இல்லை.

ஒரு தாள் வழிகாட்டி இதற்கு நேர்மாறானது: மலிவானது, ஊரை விட்டுப் போகாதது. பாஸ்டனில் அதுல் கவாண்டே நிறுவிய அரியாட்னி லேப்ஸ் உருவாக்கிய வழிகாட்டிதான் இவற்றில் பரவலாக அறியப்பட்டது. நோயைப் பற்றி என்ன புரிந்திருக்கிறது, எவ்வளவு தெரிய வேண்டும், எது முக்கியம், எதற்கு அச்சம், எது பலம் தருகிறது, எந்த ஆற்றல் இல்லாமல் வாழ்வதை நினைத்துப் பார்க்க முடியாது, கூடுதல் காலத்துக்காக எவ்வளவு துன்பத்தைத் தாங்கத் தயார், குடும்பத்துக்கு இவையெல்லாம் தெரியுமா என்று அதன் கேள்விகள் அமைகின்றன. டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தில் இதைச் சோதித்த ஆய்வின் முடிவுகள் 2019இல் வெளிவந்தன. பயிற்சி பெற்றவர்களின் நோயாளிகளிடம் இத்தகைய பேச்சுகள் கூடுதலாக நடந்தன; இறப்புக்கு முன் முதல் பேச்சு நடந்த இடைவெளியின் இடைநிலை அளவு, பயிற்சி பெறாதவர்களின் நோயாளிகளிடம் 71 நாள்களாக இருக்க, இவர்களிடம் 143 நாள்களாக இருந்தது. மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றமும் மனச்சோர்வும் குறைவாக இருந்தன. ஆனால் ஆய்வின் முதன்மை அளவுகோல்களான விருப்பத்துக்கு இசைந்த சிகிச்சையிலும் மன அமைதியிலும் வேறுபாடு நிறுவப்படவில்லை. பேச்சை முன்கூட்டியே தொடங்கவைக்க வழிகாட்டியால் முடியும், பேசியபடி நடக்கவைக்க அதனால் மட்டும் முடியாது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இந்தத் தாளின் ஆபத்து, அது குடிநுழைவு முகப்பில் நிரப்பும் படிவம்போல் ஆகிவிடக்கூடும் என்பது. மருத்துவர் தாளைப் பார்த்துப் படிப்பார், முதியவர் ‘நீங்க பாத்து செய்ங்க டாக்டர்’ என்பார், மருத்துவர் அடுத்த கேள்விக்குப் போவார். அப்போது தாளை மறந்து, ‘சரிங்க ஐயா, நாங்க பாத்துக்கறோம். ஆனா உங்களுக்கு எது வேணும், எது வேணாம்னு தெரிஞ்சாத்தானே நாங்க சரியா செய்ய முடியும்?’ என்று கேட்கத் தெரிய வேண்டும். தாள் அதைச் சொல்லித்தராது. எங்கள் பக்கத்துக்கு ஏற்ப அதில் இரண்டு மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்றும் கருதுகிறேன். நோயைப் பற்றிய முதல் கேள்விக்கு முன்பே, ‘இதப் பத்திப் பேசும்போது உங்க கூட யாரு இருக்கணும்?’ என்று கேட்பதும், அந்தப் பதிலை மகன் வருவதற்கு முன், பணியில் உள்ள தமிழ் பேசும் செவிலியரோ உதவியாளரோ மூலம் பெறுவதும் அவை. முதியவரே ‘எல்லாத்தையும் பெரியவன்கிட்ட சொல்லுங்க’ என்றால் அது அவருடைய முடிவு. மகன் சொல்லி மருத்துவர் மறைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

படுக்கையோரக் கல்விக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. மருத்துவத்தில் ஊசி போடுவது முதல் பிரசவம் பார்ப்பது வரை எல்லாவற்றையும் பார்த்து, பார்க்கச் செய்து கற்கிறோம். பேச்சை மட்டும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். குடும்பத்தாருடனான சந்திப்புக்கு ஐந்து நிமிடம் முன்னதாக, இன்று எதை அறியப் போகிறோம், யார் எதைச் சொல்வது, அழுகை வந்தால் யார் மௌனம் காப்பது என்று மூத்தவரும் இளையவரும் வாசலில் நின்று பேசிக்கொள்ள வேண்டும். முடிந்த பிறகு, இளையவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, அதைக் கேட்டதும் அந்த அம்மாவின் முகம் எப்படி மாறியது என்று கேட்க வேண்டும். பத்துக் குறைகளை அடுக்குவதால் பயனில்லை. முந்தைய நாளின் அதே குடும்பம் மறுநாளும் வருவதால், திருத்திக்கொண்டதைச் சோதிக்க வாய்ப்பு உடனே கிடைக்கிறது. மகன் மொழிபெயர்ப்பாளராக நிற்கும் சிக்கலும், தொலைபேசியில் வரும் மூத்தவரும் இங்கே நடிப்பல்ல. என் உரைகல்லில் இந்த வழிதான் தேறுகிறது.

ஆனால் மூத்தவரிடம் தவறான பழக்கம் இருந்தால் அதுவும் அப்படியே இறங்கும். வார்டுகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி, ‘டியூப் போடவா, வேணாமா?’ என்பது; செயற்கைச் சுவாசத்துக்கான குழாயைச் சொல்கிறார்கள். சிலர் அதையே, ‘எல்லாம் செய்யணுமா?’ என்று கேட்பார்கள். எந்த மகன் தன் தாய்க்கு எல்லாம் செய்ய வேண்டாம் என்பான்? வென்டிலேட்டர் அம்மாவுக்கு உதவுமா என்ற மருத்துவத் தீர்ப்பை மருத்துவர் தம் தோளிலிருந்து இறக்கி, அதைப் பற்றி ஒன்றும் அறியாதவர் தலையில் வைக்கும் கேள்வி அது. சரியான வரிசை வேறு: அம்மா எப்படிப்பட்டவர், எதைப் பெரிதாக நினைப்பார் என்று முதலில் கேட்டு, நோய் எங்கே நிற்கிறது என்று சொல்லி, பிறகு, ‘நீங்க சொன்னத வச்சுப் பாத்தா, அம்மாவுக்கு மூச்சுத்திணறல் இல்லாம, வலி இல்லாம வச்சுக்கிறதுதான் நல்லதுன்னு நாங்க நினைக்கிறோம்’ என்று மருத்துவரே பரிந்துரைக்க வேண்டும். ரீமேப் என்று பெயரிட்டு அமெரிக்கப் பயிற்றுநர்கள் கற்பிப்பதும் ஏறத்தாழ இந்த வரிசையைத்தான். இது மூத்தவருக்கே தெரியாவிட்டால் இளையவர் யாரிடம் கற்பார்? ஆகவே படுக்கையோரக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனை, பட்டறைக்கான பணத்தை இளையவர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல், கற்றுக்கொடுக்கப் போகிறவருக்கே செலவிட வேண்டும்.

வீடு செல்லும் பயிற்சி சிறிதளவே கிடைத்தாலும், மற்ற மூன்றும் தராத ஒன்றைத் தருகிறது. 1991இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியாவும், ஈப்போவில் இயங்கும் பேராக் பேலியேட்டிவ் கேர் சங்கமும் இத்தகைய இல்லப் பராமரிப்பை நெடுங்காலமாகச் செய்து வருகின்றன. ‘வீட்டுக்குக் கொண்டுபோறோம்’ என்று குடும்பம் சொல்லும்போது, தம் பொறுப்பில் அழைத்துச் செல்வதாக ஏ.ஓ.ஆர். படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணும் இளம் மருத்துவர், ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் இருக்கும். பகலில் கூட இருப்பவர் எழுபது வயது மனைவியாக இருப்பார். மார்ஃபின் மருந்தை எந்த அளவில், எப்போது கொடுப்பது என்று அவருக்கு யாரும் தமிழில் சொல்லியிருக்கமாட்டார்கள். வீட்டில் இறப்பு நேர்ந்தால் அதை உறுதிசெய்து அடக்க அனுமதி பெற வேண்டியிருக்கிறது. நோயின் வரலாற்றை விளக்கும் மருத்துவமனைக் கடிதம் கையில் இருந்தால் அந்த வேளையில் குடும்பம் அலைக்கழிய வேண்டாம். இவற்றைக் கண்ட பிறகு, ‘வீடா, மருத்துவமனையா?’ என்ற கேள்வியை அவர் வேறு விதமாகக் கேட்பார். 2019 முதல் 2030 வரைக்குமான தேசிய நோய்த்தணிப்புச் சிகிச்சைக் கொள்கையைச் சுகாதார அமைச்சு வகுத்திருப்பதால், மேலிடத்தின் இசைவைப் பெறுவதும் முன்போல் கடினமாக இராது.

சிஸ்டர்களே தங்குபவர்கள் என்றால் முழுப் பொறுப்பையும் அவர்களிடமே கொடுத்துவிடலாமே என்ற யோசனையும் எழும். சப்போர்ட் என்ற பெயரில் அமெரிக்காவின் ஐந்து போதனா மருத்துவமனைகளில் 9,105 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1995இல் வெளியிடப்பட்ட ஆய்வு இங்கே எச்சரிக்கிறது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் நோயாளிகளின் விருப்பத்தையும் நோயின் போக்கையும் மருத்துவர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். மருத்துவர்களின் நடத்தை மாறவில்லை. மருத்துவர் அந்த அறையில் இல்லாமல் கிடைக்கும் விருப்பம் கோப்பிலேயே உறங்கிவிடும். சிஸ்டரும் மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்பதே பொருந்தும். அந்த இருவரில் ஒருவர் ஊரை விட்டுப் போகாதவராக இருந்தால், அடுத்து வரும் புதிய எம்.ஓ.வுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கும்.

ஆகவே, நிபுணர் தங்காத தோட்ட நகர மருத்துவமனைக்கு நான் பரிந்துரைப்பது படுக்கையோரக் கல்வியை முதன்மையாகவும், ஒரு தாள் வழிகாட்டியை அதன் பொது ஆதாரமாகவும் கொள்வதையே. பட்டறைக்கு இருவரை மட்டும் அனுப்பலாம்: நீண்ட காலம் இருக்கப்போகும் ஒரு மூத்த மருத்துவ அதிகாரியையும், ஒரு வார்டு சிஸ்டரையும். ஒவ்வொரு புதிய மருத்துவரும் தம் பணிக்காலத்தில் ஒரு முறையாவது வீடு சென்று வர வேண்டும். நோய்த்தணிப்பு நிபுணர் உள்ள பெரிய மருத்துவமனை என்றால் என் விடை மாறும். அங்கே பட்டறையை நடத்தவும் அதன்பின் வார்டில் தொடர்ந்து திருத்தவும் ஆள் இருப்பதால், அதிலிருந்தே தொடங்கலாம். கற்பிக்க மனமுள்ள மூத்தவர் ஒருவரும் இல்லாத மருத்துவமனையில், வழிகாட்டியை மட்டும் வைத்துத் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அது பாதி வழிதான் என்று அறிந்தே தொடங்க வேண்டும்.

பயிற்சி பலிக்கிறதா என்று பார்க்க, பயிற்சி பெற்றவர்களிடம் கருத்துப் படிவம் கொடுப்பதைவிடக் கோப்புகளைப் புரட்டுவது மேல். டி.ஐ.எல்.லில் ஏறுவதற்கு முன்பே பேச்சு நடந்ததா, மகனிடம் மட்டுமின்றி நோயாளியிடமும் கேட்கப்பட்டதா, எது முக்கியம் என்று அவர் சொன்னது அவருடைய சொற்களிலேயே கோப்பின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, இரவுப் பணிக்கு வந்த மருத்துவர் அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த சிகிச்சையை முடிவு செய்தாரா என்ற நான்கையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டரே பார்த்துவிடலாம். குடும்பச் சந்திப்புக்கான அரை மணி நேரத்தை, வெளிநோயாளர் பிரிவுப் பணியைப் போலவே மருத்துவரின் பெயரோடு பணிப்பட்டியலில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால், நெரிசல் கூடிய முதல் திங்கட்கிழமையே அந்த அரை மணி நேரம் காணாமல் போய்விடும்.